தோட்டத்து முயலும் முதற் சீலமும்



சென்ற பௌர்ணமி உபோசத நாளில் நம் கூட்டத்தில் எழுந்த ஒரு கேள்வியே இம்மாதப் பாடத்திற்குப் பொருளாயிற்று. பெங்களூருக்கு வடக்கே, எலகங்காவைக் கடந்து ஹெசரகட்டா செல்லும் வழியில், நம்மவர் குடும்பங்கள் சில சேர்ந்து கால் ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, பாத்தி பாத்தியாகப் பிரித்துக் காய்கறி பயிர் செய்துவருவதை வாசகர்களிற் பலர் அறிவர். அதில் ஒரு பாத்தி, கணவரை இழந்து இரு பிள்ளைகளை வளர்த்துவரும் ஓர் அம்மையாருடையது. அவர் ஊன்றிய அவரையும் பீன்ஸும் முளைத்து நான்கிலை விட்ட பருவத்தில், இரண்டே இரவுகளில் மொட்டைத் தண்டுகளாக நின்றன. முயல் மேய்ந்துவிட்டது. அடுத்த வயலில் வேலை செய்யும் ஒருவர், கேரட்டைக் கீறி உள்ளே மருந்து வைத்துப் போட்டால் ஒரே இரவில் தொல்லை தீரும் என்று அவருக்கு யோசனை கூறியிருக்கிறார். "நான் வைக்கலாமா, கூடாதா? கூடாதென்றால் வேறென்ன செய்வது?" என்பதே அம்மையாரின் கேள்வி.

விடை கூற எழுந்த நம்மவர் ஒருவர் உடனே சசஜாதகத்தைச் சொல்லத் தொடங்கினார். போதிசத்துவர் முயலாகப் பிறந்தது, யாசித்து வந்தவர்க்கு உணவாகத் தம் உடலையே தீயிற் பாய்ந்து அளிக்கத் துணிந்தது, சக்கன் அதன் வடிவைச் சந்திரனில் வரைந்தது ஆகிய யாவும் அழகாகவே கூறப்பட்டன. சந்திரனுக்குச் சசாங்கன் என்றும், அதன் களங்கத்திற்கு முயற்கறை என்றும் பெயர் வந்ததையும் அவர் விடவில்லை. அம்மையார் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "ஐயா, கதை எனக்கும் தெரியும். சந்தையில் காய் வாங்குகிறவர்களுக்கு முயல் சந்திரனில் இருக்கிறது. எனக்குப் பாத்தியில் அல்லவா இருக்கிறது?" என்றார். கூட்டம் வாயடைத்துப்போயிற்று. வாயடைத்தவருள் நாமும் ஒருவர். ஆதலின் இப்பாடத்தை எழுதுமுன் முயலைப் பற்றியும், சீலத்தைப் பற்றியும், வேலியைப் பற்றியும் சற்றே கற்றுக்கொள்ள நேர்ந்தது.

முதலில், மேய்ந்தது முயல்தானா என்று அறிதல் வேண்டும். தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவரைப் போல், பயிரில் எது சேதமானாலும் முயலென்றே கூறுவோர் உண்டு. முயலுக்கு மேலும் கீழும் கூரிய வெட்டுப்பற்கள் உள்ளன. மேல்வரிசையில் அவ்விரு பற்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு சிறு பற்களும் உண்டு. எலிக்கு இவை இல்லை. முயல் எலியினத்தைச் சேர்ந்ததன்று என்பதற்கு இதுவே அடையாளம். ஆகையால் அது கடித்த தண்டு, கத்தியால் சாய்த்துச் சீவியதுபோல் இருக்கும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் மேல்முன்பற்கள் இல்லாமையால் அவை பற்றி இழுத்த இடம் பிய்ந்து கிடக்கும். பெருச்சாளி மண்ணைத் தோண்டிக் கிழங்கையும் வேரையும் அடியிலிருந்து தின்னும். நத்தை மேய்ந்த இலையில் ஓட்டையும், உலர்ந்த பசைக்கோடும் காணலாம். முயலின் புழுக்கையோ உருண்டையாய், உலர்ந்து, உடைத்தால் புல்நார் தெரிவதாய் இருக்கும். நாம் நேரிற் சென்று பார்த்தபோது சாய்ந்த வெட்டும் இருந்தது, புழுக்கையும் இருந்தது. அம்மையார் கூறியது சரியே.

இரண்டாவதாக, எந்த முயல்? கூண்டில் வளர்க்கும் வெள்ளை முயல் மேல்நாட்டுக் குழிமுயலின் வழிவந்தது. அது மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும். நம் நாட்டுக் காட்டுமுயல் வேறு. பிடரியில் கருநிறம் உடைய அது, வளை தோண்டுவதில்லை. புல்லினடியிலோ புதரோரத்திலோ தன் உடல் அளவுக்கு மண்ணை அமிழ்த்தி, பகல் முழுதும் அதில் அசையாமற் கிடக்கும். அந்தி சாய்ந்த பின்னரே மேய எழும். அதன் குட்டிகள் உடல் நிறைய மயிருடனும் திறந்த கண்களுடனும் பிறக்கின்றன. தாய் அவற்றை மறைவிடத்தில் விட்டுவிட்டு, பாலூட்டும் வேளையில் மட்டும் வந்து போகும். தனியே கிடக்கும் குட்டியை அநாதை என்று எண்ணி வீட்டுக்குத் தூக்கிவருவது கருணையால் நேரும் பிழை. அது பெரும்பாலும் பிழைப்பதில்லை. அதை இருந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

மழைக்காலத்தில் இம்முயல் பெரும்பாலும் புல்லையே மேய்கிறது. தை, மாசி தொடங்கிப் புல் காய்ந்தபின், பசுமையாக நிற்பது நாம் நீர் ஊற்றி வளர்த்த பாத்தி ஒன்றுதான். ஹெசரகட்டாவின் புல்வெளி அதன் பழைய இருப்பிடம். நகரம் அத்திசையில் ஆண்டுதோறும் நீண்டுகொண்டே போகிறது. புல்வெளிக்கும் வீட்டுமனைக்கும் நடுவே நம் கால் ஏக்கர் கிடக்கிறது. முயல் நம் தோட்டத்திற்குள் வந்தது என்கிறோம். முயலுக்கு வாயிருந்தால் வேறு விதமாகக் கூறக்கூடும்.

இனி, அம்மையாரின் கேள்விக்கு வருவோம். பாணாதிபாதா வேரமணி என்று நாம் நாள்தோறும் ஏற்கும் முதற் சீலத்தைப் பழைய உரையாசிரியர்கள் ஐந்து உறுப்புகளாகப் பிரித்து விளக்கியுள்ளனர். உயிர் ஒன்று இருத்தல், அது உயிர் என்று அறிந்திருத்தல், கொல்லும் எண்ணம், அதற்குரிய முயற்சி, அதனால் அவ்வுயிர் மாய்தல். இவ்வைந்தும் கூடினாற்றான் சீலம் முறிகிறது. மண்வெட்டியால் கொத்தும்போது அறியாமல் மண்புழு வெட்டுண்டால், அங்கே கொல்லும் எண்ணம் இல்லை. உழவு செய்பவர் யாவரும் சீலத்தை இழந்தவர் என்று கூறுவோர்க்கு இதுவே விடை.

ஆனால் மருந்து வைத்த கேரட்டில் ஐந்தும் நிறைவாக உள்ளன. "கையால் கொல்லவில்லையே, அது தானே வந்து தின்றது" என்று கூறவும் வழியில்லை. கொல்லும் வழிகள் ஆறு என்று அவ்வுரைகளே எண்ணுகின்றன. தன் கையால் கொல்லுதல் அவற்றுள் ஒன்று. பிறரை ஏவிக் கொல்லுதல் மற்றொன்று. "ஆணத்திக" என்பது அதன் பெயர். குழியும் கண்ணியும் நஞ்சும்போல் ஓரிடத்தில் வைத்துவிட்டு அகல்வது இன்னொன்று. அதற்குத் "தாவர" என்று பெயர். செடிகொடிகளைக் குறிக்கும் நம் தமிழ்ச் சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்ளலாகாது. இங்கே நிலையாக நிறுத்திய பொறி என்பதே பொருள். கூலி கொடுத்து அடுத்த வயல்காரரைக் கொண்டு செய்வித்தாலும், இரவில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாலும் கணக்கு ஒன்றே. அன்றியும் நஞ்சு முயலோடு நிற்பதில்லை. செத்த முயலைத் தின்னும் நாயும் கழுகும் சாகக்கூடும். பாத்தியில் விளையாடும் பிள்ளை அக்கேரட்டை எடுக்காது என்பதற்கும் உறுதி இல்லை. சட்டமும் இதில் நம் பக்கமே உள்ளது: 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் காட்டுமுயல் காக்கப்பட்ட விலங்கு. அதைக் கண்ணியிட்டுப் பிடிப்பதும் நஞ்சிட்டுக் கொல்வதும் குற்றம்.

கண்ணியைப் பற்றி ஒரு சொல். வேடர் கண்ணியில் அகப்பட்டிருந்த பன்றியைப் பிக்கு ஒருவர் இரக்கத்தால் அவிழ்த்துவிட்ட செய்தி விநயபிடகத்தில் வருகிறது. பிறர் பொருளைக் கவர்ந்த குற்றம் தமக்கு நேர்ந்ததோ என்று அவர் அஞ்சினார். கருணையால் செய்தவர்க்குக் குற்றம் இல்லை என்று பகவர் தீர்ப்பளித்தார். தனக்கென எடுத்துச்செல்லும் எண்ணத்தோடு அவிழ்த்திருந்தால் தீர்ப்பு வேறாகியிருக்கும். செயல் ஒன்றே, எண்ணமே அதைப் பிரிக்கிறது.

ஆகவே மருந்து கூடாது என்பது அம்மையார்க்கு நாம் கூறும் முதல் விடை. ஆனால் இத்துடன் நிறுத்துவோமாகில், அவர் பிள்ளைகளின் சோற்றுத் தட்டை நம் சீலத்திற்குக் காணிக்கையாகக் கேட்டவராவோம். இவ்விடத்தில் சசஜாதகத்தைக் காட்டிலும் நமக்கு உதவுவது 484-ஆவதான சாலிகேதார ஜாதகம். பயிரை உயிர்கள் உண்பது பற்றிய கதையே அது.

மகத நாட்டில் ஓர் அந்தணருக்கு ஆயிரம் கரீசம் நெல்வயல் இருந்தது. அதில் ஒரு பாதியைக் கூலிக்காரன் ஒருவன் காவல் செய்தான். குடிசை கட்டி, இரவும் பகலும் அங்கேயே கிடந்தான். அருகிலிருந்த இலவங்காட்டுக் கிளிகள் கூட்டமாக வந்து கதிரைத் தின்றன. அவற்றின் அரசக்கிளி தின்றது போதாமல் அலகு நிறையக் கதிரையும் கொத்திச்சென்றது. காவற்காரன் எவ்வளவு விரட்டியும் பயனில்லை. குறைந்த நெல்லின் விலையை எசமானர் தன் தலையில் சுமத்துவாரே என்று அஞ்சி, அவன் அவரிடமே சென்று முறையிட்டான். கதையில் இவ்வச்சத்தைப் பலரும் கவனிப்பதில்லை. கிளிகளால் நட்டம் வந்தது ஆயிரம் கரீசக்காரருக்கு. அஞ்சி நடுங்கியவனோ கூலிக்காரன்.

மயிர்க்கண்ணி வைத்து அரசக்கிளியை உயிரோடு பிடித்துவருமாறு அந்தணர் கூறினார். கண்ணி காலில் இறுகியபோது கிளி உடனே கூவவில்லை. கூவினால் சுற்றம் பசியோடு பறந்துவிடும் என்று, அவை வயிறார உண்ணும்வரை வலியைப் பொறுத்திருந்து பின்னரே கூவிற்று. தின்றது போதாமல் கதிரை எங்கே சேர்த்துவைக்கிறாய் என்று அந்தணர் கேட்டார். முதிர்ந்த பெற்றோர்க்குக் கொடுப்பது பழங்கடன் தீர்ப்பது என்றும், இறகு முளையாத குஞ்சுகளுக்குக் கொடுப்பது கடன் கொடுப்பது என்றும், சிறகொடிந்த நோயுற்ற பறவைகளுக்குக் கொடுப்பது புதையல் சேர்ப்பது என்றும் கிளி விடை பகர்ந்தது. மகிழ்ந்த அந்தணர் வயல் முழுவதையும் அதற்கே கொடுத்தார். அது ஏற்றுக்கொண்டது எட்டுக் கரீசம் மட்டுமே.

ஆயிரத்தில் எட்டு! உயிர்களுக்கு விடவேண்டிய பங்கு சிறியது என்பதை நாம் இதிற் காண்கிறோம். அப்பங்கு ஆயிரம் உடையவரின் நிலத்திலிருந்து பிரிக்கப்பட்டதே அன்றி, காவற்காரனின் கூலியிலிருந்து பிரிக்கப்படவில்லை. நம் தோட்டத்தில் முயலுக்குரிய பங்கு அம்மையாரின் ஒற்றைப் பாத்தியிலிருந்தே போகவேண்டும் என்று எந்தத் தம்மமும் கூறவில்லை. வேலிச் செலவும் முயலின் பங்கும் எல்லாப் பாத்திக்காரர்க்கும், தோட்டமே இல்லாது காய் மட்டும் பெறும் நமக்கும், பொதுவாக வேண்டும். சந்தையில் வாங்கும் கத்தரிக்காய் எந்த வயலில் எத்தனை கண்ணிகளுக்கு நடுவே விளைந்தது என்று நாம் கேட்பதில்லை அல்லவா?

கொன்று தீர்ப்பது சீலத்திற்குத்தான் விரோதம், தொழிலுக்கு நல்லது என்று எண்ணுவோர் ஆஸ்திரேலியாவின் கதையை அறிதல் நன்று. 1859-இல் விக்டோரியாவில் தாமஸ் ஆஸ்டின் என்னும் செல்வர், வேட்டை விளையாட்டுக்காக இங்கிலாந்திலிருந்து சுமார் 24 குழிமுயல்களை வருவித்துத் தம் பண்ணையில் விட்டார். அவை பல்கிக் கண்டத்தின் பெரும்பகுதியை மேய்ந்தன. சுட்டார்கள், நஞ்சிட்டார்கள், வளைகளைத் தகர்த்தார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1901 முதல் 1907 வரை வேலி எழுப்பினார்கள். முதல் வேலி மட்டும் 1,833 கிலோமீட்டர் நீளம். வேலி முடியுமுன்பே முயல்கள் அப்பால் போய்விட்டிருந்தன. 1950-இல் மிக்சோமா என்னும் நோய்க்கிருமியைப் பரப்பினார்கள். தொடக்கத்தில் நோயுற்றவற்றுள் ஏறக்குறைய எல்லாமே மாண்டன. சில ஆண்டுகளுக்குள் கிருமியின் கொடுமை குறைந்தது. எஞ்சிய முயல்களின் வழித்தோன்றல்கள் அதைத் தாங்கும் வலிமை பெற்றன. இன்றும் அங்கே முயல் உண்டு. தோட்டக்காரர்க்கு இதில் உள்ள பாடம் வேலியைப் பற்றியது: பெரிய வேலி பிந்தி வந்து பயனற்றுப்போயிற்று. சிறிய வேலியை விதைக்குமுன் போட்டுவிட வேண்டும்.

வேலி எப்படி? ஓர் அங்குலக் கண்ணுடைய கோழிவலைக் கம்பி தக்கது. கண் அதனினும் பெரிதானால் குட்டி நுழைந்துவிடும். தரைக்கு மேல் மூன்றடி உயரம் நிற்க வேண்டும். காட்டுமுயல் தாவுவதில் வல்லது. அடியில் அரையடியை வெளிப்புறமாக மடித்துத் தரையோடு படியவைத்து, மேலே மண்ணும் கல்லும் இட வேண்டும். இந்த மடிப்பை விட்டுவிடுவோர் பலர். முயல் நேரே வேலியின் அடிக்கு வந்துதான் பறண்டிப் பார்க்கும். காலடியில் கம்பி தட்டுப்பட்டால் முயற்சியைக் கைவிடும். கம்பிக்குப் பணமில்லாதவர், நம் குடியானவர்கள் செய்வதுபோல், பழைய சேலைகளைக் குச்சி நட்டுக் கட்டலாம். அப்பால் உள்ளது கண்ணுக்குத் தெரியாதாகையால் முயல் தயங்கும். ஆனால் சேலையின் கீழோரத்தை மண்ணில் புதைக்காவிட்டால் நான்காம் நாள் அடியால் நுழையும். மீன்வலையையும் மெல்லிய நைலான் வலையையும் தரையோடு கட்டுதல் கூடாது. பாம்பும் ஓணானும் அதில் சிக்கி வெயிலில் துடித்துச் சாகின்றன. முயலுக்கு இரங்கிப் பாம்பைக் கொல்வதா?

அந்தியில் கதவை அடைக்குமுன் ஒருவர் தோட்டத்தை ஒரு சுற்று வருதல் வேண்டும். உள்ளே பகலில் படுத்த முயல் இருந்தால் வேலியே அதற்குச் சிறையாகும். விடியுமுன் பாத்தி முழுதும் தின்றும் விடும். கதவைத் திறந்துவைத்து, எதிர்ப்புறமிருந்து மெல்ல நடந்து வந்தால் அது தானே வெளியேறும். நாயை ஏவுவது வேண்டாம். நாய் விரட்டுவதோடு நிற்காது.

பூண்டு, மிளகாய், வேப்பெண்ணெய், அழுகிய முட்டைக் கரைசல் ஆகியவற்றைத் தெளிப்பது சில நாளைக்கு உதவும். மழைக்கும் நீர்ப்பாய்ச்சலுக்கும் பின் மறுபடியும் தெளிக்க வேண்டும். பறிக்கப்போகும் கீரையின்மீது தெளித்தால் முயலுக்குமுன் நாமே அதை விலக்கிவிடுவோம். பாத்தியைச் சுற்றி வெங்காயம் நட்டால் முயல் வராது என்பார் உண்டு. வெங்காயத்தை அது தின்னாதிருக்கலாம், தாண்டி வரும்.

பயிர்த் தேர்விலும் சிறிது கருத்துச் செலுத்தலாம். பந்தலில் ஏறிய கொடி முயலுக்கு எட்டாது. அவரை, புடல், பீர்க்கு ஆகியவற்றோடு, தமிழ்நாட்டார் பெங்களூர்க் கத்தரிக்காய் என்றே அழைக்கும் சௌசௌவும் பந்தற் பயிரே. ஹைதர் அலி 1760-இல் தொடங்கிய லால்பாக் தோட்டத்திற்கு 1874-இல் பொறுப்பேற்ற ஜான் காமரூன், அந்நிய நாட்டுக் காய்கறிகள் பலவற்றை இங்கே பரப்பினார். சௌசௌவும் அவர் வழியாக வந்ததே என்பர். இக்கொடிகளுக்குக் காவல் வேண்டுவது முதல் மாதம் மட்டும். ஒவ்வொரு நாற்றின்மீதும் பழைய மூங்கிற்கூடையை அந்தியில் கவிழ்த்துக் கல் வைத்தால் போதும். தண்டு முற்றியபின் கூடை வேண்டுவதில்லை.

வேலிக்கு வெளியே உள்ள புல்லைக் கொளுத்தாதீர்கள். வேலியை ஒட்டி ஆறடி அகலம் வெட்டித் துப்புரவு செய்யலாம்; அதற்கப்பால் உள்ள புல் நிற்கட்டும். அங்கே மேய்ச்சல் இருக்கும்வரை முயலுக்கு வேலியைச் சோதிக்கும் அவசரம் குறைவு. மேலும், ஆபத்து வரும்போது குட்டி ஓடாமல் அசையாது கிடக்கும் இயல்புடையது. தீ அதை அப்படியே பற்றிக்கொள்ளும். உயிர்கள் உள்ள உமியைக் கொளுத்தலாகாது, காரணமின்றிக் காட்டுக்குத் தீயிடலாகாது என்று அசோகர் தம் ஐந்தாம் தூண் சாசனத்தில் விதித்தார். நம் மாநிலத்துச் சித்திரதுர்க்க மாவட்டப் பிரம்மகிரிப் பாறையிலும், உயிர்களிடத்துப் பரிவு உறுதியாக வேண்டும் என்னும் அவர் கட்டளை பொறிக்கப்பட்டுள்ளது.

நம் தோட்டத்தில் நடந்ததைக் கூறி முடிப்போம். கம்பிக்கு ஆன செலவை எல்லாரும் பகிர்ந்துகொண்டோம். அம்மையாரிடம் பங்கு கேட்கவில்லை, ஆயினும் அவர் கொடுத்தார். பாத்தியில் மீண்டும் ஊன்ற விதை அவருக்குப் பொதுவிலிருந்து கொடுக்கப்பட்டது. வேலிக்கு வெளியே, புல்லோரத்தில், காராமணி இரண்டு சால் விதைத்தோம். "இது எட்டுக் கரீசமா?" என்று ஒரு சிறுவன் கேட்டான். காராமணியில் பாதியை முயல் தின்றது. மீதியைப் பக்கத்து ஊர் ஆடு தின்றது. வேலிக்குள் இதுவரை ஒரே ஒரு நாள் சேதம். எட்டுக் கோசு நாற்றுகள். அன்று அந்தியில் சுற்றிவந்து கதவடைக்கும் முறை நம்முடையது. பேச்சு வாக்கில் தாழ்ப்பாளை மறந்து பேருந்து ஏறிவிட்டோம். மறுநாள் நாற்று வாங்கிக்கொண்டுபோய் நட்டோம். அம்மையார் ஒன்றும் கூறாமல், கதவில் ஒரு மணியைக் கட்டியிருந்தார்.

பெருச்சாளியையும் நத்தையையும் பற்றிச் சில அன்பர்கள் எழுதிக் கேட்டுள்ளனர். நத்தையைப் பொறுக்கி எங்கே விடுவது என்பது எளிய கேள்வி அன்று. அது அடுத்த பாடத்தில்.